மாமா எடுத்த களை

எங்கள் ஊரில் மற்றவர்கள் களை என்று பிடுங்கி வரப்பில் வீசுவதைத்தான் என் அப்பா பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தார். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, வல்லாரை, தூதுவளை. திருநகரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கிணற்றோடு ஒரு துண்டு நிலம். பறித்ததை நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி, மதுரையில் ஒரு நாட்டுமருந்துக் கடைக்கு சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவார். பக்கத்தில் கடலை போட்டவர்கள், "எங்க காட்டுலயும் வந்து பிடுங்கிக்கங்கண்ணே, கூலி கேக்காம இருந்தாச் சரி" என்று கிண்டல் செய்வார்கள். அப்பாவும் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார். கிண்டலைக்கூட வீணாக்காத மனிதர்.

யாரிடமும் எதற்கும் போய் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பல்பொடி வீட்டில் இடித்தது, சீயக்காய் வீட்டில் அரைத்தது, காய்ச்சல் வந்தால் தோட்டத்துக் கஷாயம். கடையில் விற்கும் ரோஸ் நிறப் பல்பொடியை இனிக்கிறது என்று தின்றுகொண்டே பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் அம்மாவின் அண்ணன். பழங்காநத்தத்தில் அரிசிக்கடை வைத்திருந்த அந்த மாமாவிடம்தான் கல்யாணம் ஆன புதிதில் அப்பா வேலை பார்த்தார். சொந்தமாகத் தோட்டம் போடப் போகிறேன் என்று அவர் கிளம்பியபோது, கடைக்கு வந்தவர்கள் முன்னால் மாமா சிரித்துக்கொண்டே, "மாப்ள களையை வித்துப் பொழைக்கப் போறாராம்" என்று சொல்லிவிட்டார். இனி அந்த வீட்டுத் துரும்பு ஒன்று என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று அப்பா முறுக்கிக்கொண்டார். மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. போக்குவரத்து நின்றுபோனது. நான் பிறந்தபோதுகூட மாமா எட்டிப் பார்க்கவில்லை.

பெரியவர்கள் சண்டையில் மாட்டிக்கொண்டது என் காது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமா இல்லாமல் காதுகுத்து இல்லை. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் மூளிக் காதோடுதான் திரிந்தேன். வகுப்பில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தோடோ வேப்பங்குச்சியோ ஏதாவது இருக்கும். எனக்குப் பட்டப்பெயர் மட்டும் இருந்தது.

கடைசியில் அம்மா, ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரர் மூலம் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். அப்பாவுக்கும் அது தெரியும். தெரியாதது போல இருந்தார். காதுகுத்து விருந்தை மட்டும் தன் செலவில்தான் வைக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்து, பெரிய பாத்தி முழுக்கக் கீழாநெல்லி போட்டிருந்தார். முற்றியதும் அவ்வளவையும் எடுத்துக்கொள்வதாக மருந்துக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். வீட்டுச் சமையலுக்கு ஆகட்டும் என்று அதே பாத்தியில் அம்மா அங்கங்கே முளைக்கீரை தூவியிருந்தாள். வினை அங்கேதான் இருந்தது.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பா தண்ணீர் இறைக்கும் எஞ்சினில் ஏதோ பழுது என்று சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். மாமா என்னைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார், சேவுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். அதற்குமேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "சும்மா ஒக்காந்திருந்தா கை கால் மரத்துப்போகும்மா. தோட்டத்தைப் பாத்துட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

மாமா அரிசிக்கடைக்காரர் ஆனது பின்னால்தான். சிறு வயதில் கடலைக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவர். கீழாநெல்லி கண்ணில் பட்டால் போதும், அந்தக் கை மூளையைக் கேட்காமலே பிடுங்கிவிடும். அப்பா விற்கும் களை இதுதான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை; கீரைப் பாத்தியைத் தங்கை வீட்டார் இப்படிக் காடாக விட்டு வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டார் போல. ஒரு கீரைத்தண்டுகூட முறியாமல், கீழாநெல்லியை மட்டும் வேரோடு பிடுங்கி, கூடை கூடையாக எருக்குழியில் கொட்டிச் சாணியோடு சேர்த்து மிதித்தும் விட்டார். அவ்வளவு சுத்தமாகக் களையெடுத்த பாத்தியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அவர் பாதி வேலையில் இருந்தபோது, மோர் கொண்டுபோன அம்மாவோடு நானும் போனேன். பாதிப் பாத்தி, அங்கங்கே நின்ற கீரையைத் தவிர, வெறும் மண்ணாகக் கிடந்தது. மீதிப் பாதி அப்படியே நின்றது. அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டாள். மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒனக்கு எம்புட்டு வேலைதான் இருக்கும், நான் பாத்துக்கிறேன்" என்றார். நான், "அம்மா, அது அப்பாவோட..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு மாமாவிடம் செம்பை நீட்டி, "மோரைக் குடிச்சிட்டு எடுங்கண்ணே" என்று சொன்னாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மத்தியானம் அப்பா வந்தார். சைக்கிளை நிறுத்தியவர் பாத்தியைப் பார்த்தார். எருக்குழியையும் பார்த்தார். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது, என் காதும் மூளியாகவே போகப் போகிறது என்று நான் பயந்துபோனேன்.

"வாங்க மச்சான், எப்ப வந்தீக?" என்றார் அப்பா.

"காலையிலயே வந்துட்டேன் மாப்ள. இம்புட்டுக் களையை வச்சிருந்தா கீரை எப்பிடி வரும்? பூராத்தையும் எடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு மச்சான். எனக்கும் களையெடுக்க ஆள் கிடைக்கல."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். தை மாதம் காதுகுத்தை வைத்துக்கொள்ளலாம், தோடும் விருந்தும் தன் பொறுப்பு என்றார். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி மச்சான்" என்றார். அப்பாவுக்கு மாமா என்றால் பயம் போலிருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன். எனக்கு அப்பாமேல் கோபமாக வந்தது.

சாயந்திரம் மாமாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அம்மாவும் அப்பாவும் வெறும் பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் மிச்சமிருந்த சேவைத் தின்றுகொண்டிருந்தேன்.

"பாதியிலயாச்சும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள் அம்மா.

"சொல்லியிருந்தா வெக்கப்பட்டுப்போய் அடுத்த பஸ்ஸுலயே ஏறியிருப்பாரு. அப்புறம் அவரு எங்கிட்டு இங்க வர? செடிக்கு என்ன, ஒரு மழை பேஞ்சாத் தானா முளைக்கும்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பா அவளைத் தேற்றவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. செடிதான் முளைக்கும் என்று அப்பாவே சொல்லிவிட்டாரே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று நினைத்தபடி, அவளுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று ஓடிப்போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அந்த வெறும் மண்ணில் ஊற்றினேன்.