லிஃப்ட் நின்ற சனிக்கிழமை

லூபோருக்குப் பழுதான எதையும் அப்படியே விட்டுவிட்டு வரத் தெரியாது. செக் நாட்டு ஒஸ்ட்ராவா நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்த மனிதர். மனைவி பிரிந்துபோன அன்றுகூட அவள் பெட்டியின் பூட்டைச் சரிசெய்துதான் அனுப்பினார் என்று கட்டடத்தில் கேலி பேசுவார்கள். கேலி என்ன, நடந்ததே அதுதான்.

நிட்காவும் அப்படி வந்து சேர்ந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பாம்புச் சந்தையில், மேசைக்கு அடியில் ஒதுக்கிவைத்த டப்பாவில் கிடந்தாள். பென்சில் கனம்கூட இல்லாத ஆரஞ்சு நிறப் பாம்புக்குட்டி. தானாகத் தின்னப் பழகாத குட்டியை அங்கே யாரும் விற்கமாட்டார்கள். விற்றால் அடுத்த சந்தையில் முகம் காட்ட முடியாது.

“இது தேறாதுய்யா. காசு வேணாம், மனசு கேக்கலேன்னா எடுத்துட்டுப் போ,” என்றான் வியாபாரி.

மனசு கேட்கவில்லை. எடுத்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஓயாத போராட்டம். உறையவைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்துக் காட்டுவார். நிட்கா மெல்ல வருவாள், கவ்வுவாள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் கடகடவென்று ஏறும். துப்பிவிட்டுச் சுருண்டுகொள்வாள். வீடே ஒற்றை அறை. எந்த மூலையில் வைத்தாலும் தரை வழியாக அதிர்வு வந்துவிடும். உலகத்து லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவருக்கு, வீட்டுப் பக்கத்து லிஃப்டே எமனாக வாய்த்தது.

“திங்கட்கிழமைக்குள்ள தானா தின்னலேன்னா வாயைத் திறந்து குழாய்தான் விடணும்,” என்றார் கால்நடை மருத்துவர். “இவ்வளவு மெல்லிசா இருக்கு. தாங்கும்னு நான் சொல்லமாட்டேன்.”

சனிக்கிழமை மதியம் லூபோர் தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். கோடைச் சனிக்கிழமையில் கட்டடமே ஊருக்கு வெளியே தோட்டவீடுகளுக்குப் போய்விடும். லிஃப்ட் காலிதான் என்று பார்த்துக்கொண்டு, உச்சி மாடி இயந்திர அறையைத் தன் சாவியால் திறந்து அதை நிறுத்தினார். கீழே கதவில் ‘பழுது’ என்று ஓர் அட்டை. நன்றாக ஓடுகிற லிஃப்டில் அதை மாட்டக் கை கூசியது.

நான்காம் மாடிக்கு வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நிட்காவின் கண்ணாடிப் பெட்டி முன் உட்கார்ந்தார். இடுக்கியை நீட்டினார். நாக்கு துழாவியது. கவ்விவிட்டாள். அவர் இடுக்கியை மெல்லத் தளர்த்தி, சிலையாக இருந்தார். தாடை ஒருபக்கம் முன்னே நகர்ந்தது, பிறகு மறுபக்கம். எலியின் தலை உள்ளே போகத் தொடங்கியது.

கீழே வாசல்கதவு சாத்துகிற சத்தம்.

“நாசமாப் போன லிஃப்ட்!”

ஏழாம் மாடி ஹெட்விகா அம்மா. முட்டி அறுவை சிகிச்சை முடிந்து கோலூன்றி நடக்கிறவர். நிட்காவைப் ‘புழு’ என்றுதான் சொல்வார். தோட்டத்திலிருந்து இவ்வளவு சீக்கிரம் திரும்புவார் என்று யார் கண்டது?

கோல் படியில் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. எழுந்தால் நிட்கா துப்பிவிடுவாள், அப்புறம் குழாய்தான். எழாமல் இருந்தால் அந்த அம்மாவின் முட்டி? ஒவ்வொரு தட்டலும் நெஞ்சில் விழுந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு விரல்கடை உள்ளே போகட்டும் என்று மனது கெஞ்சியது.

மூன்றாம் மாடிக்கு மேலே ஏதோ சரிந்து, படிகளில் உருண்டது. பிறகு சத்தமே இல்லை.

வெறுங்காலோடு ஓடினார்.

ஹெட்விகா படியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பிளம் பழங்கள்.

“விழுந்துட்டீங்களாக்கா?”

“உக்காந்திருக்கேன், கண்ணு தெரியலையா? என்னடா ஆச்சு உன் லிஃப்டுக்கு?”

“ஒண்ணும் ஆகல. நான்தான் நிறுத்தினேன். சத்தம் கேட்டா குட்டி திங்கமாட்டேங்குது.”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஒரு புழுவுக்காக என்னைப் படியேற விட்டியா?”

“தப்புதான்க்கா. வாங்க, என் வீட்ல உக்காருங்க. மேல போய் லிஃப்டைப் போட்டுவிட்டுடறேன்.”

கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இயந்திர அறைச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

கோலின் வளைந்த பிடி அவர் கையில் கொக்கி போட்டு இழுத்தது. ஹெட்விகா வாயைப் பொத்தி மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு, கண்ணாடியையே பார்த்தபடி இருந்தார்.

“எங்கடா போற?” என்றார் கிசுகிசுப்பாக. “உக்காரு. எலிவால் இன்னும் வெளியதான் இருக்கு.”