தனிப் பெட்டியில் விழுந்த அட்டைகள்

அறுபதுகளின் கடைசியில், பம்பாய்க் கம்பெனி ஒன்றில் துளை அட்டைகளைப் பிரிக்கும் மெஷினுக்கு நான்தான் ராஜா. தமிழர்கள் நிறைந்த எங்கள் மாதுங்காவில் பாதிப் பேருக்கு இது தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

"மதராஸிகளே, வெளியேறுங்கள்" என்று வாசலில் மராத்திக் கட்சிக்காரர்கள் தினமும் கோஷம் போட்டார்கள். ஒருநாள் மேனேஜர், "ஊழியர்களை மாநிலவாரியாகப் பிரித்துக் கொடு, வெளியே கேட்கிறார்கள்" என்றார். எதற்கென்று கேட்காமல் பத்தே நிமிஷத்தில் முடித்தேன். தென்னிந்தியர்களின் அட்டைகள் தனிப் பெட்டியில் விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அட்டையில் என் பெயர்.

சக ஊழியர் ஷிண்டே, மராத்திக்காரர், எட்டிப் பார்த்தார். "அரே அண்ணா, உன் கழுத்துக்கு நீயே கயிறு திரிக்கிறாயா?" அட்டைகளைக் கலைத்தார். மெஷின் பெல்ட்டைக் கழற்றித் தன் டிபன் பையில் போட்டுக்கொண்டார். "ரிப்பேர்னு சொல்லு."

பட்டியல் போகவேயில்லை. ஆனால் மற்றக் கம்பெனிகளிலும் என்னைப்போல் கெட்டிக்காரர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு ஷிண்டே இருந்தாரா என்பதுதான் தெரியவில்லை.