சித்தி ஊசிக்கு ஆள் சேர்த்த கதை

சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தார். கல்யாணமான மறு வருடமே அவரை ஆப்பிரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள். அம்மாவின் தங்கையான சித்தி, குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பிள்ளை பெற்றாள். தம்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள உத்தரவு வந்தது. தம்பி அதுவரை தன் அப்பாவைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தான்.

டிக்கெட்டோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே போட்டு, அட்டையில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் போய் இறங்கும் இடத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மஞ்சள் காமாலைக்குத்தான் இத்தனை அமர்க்களம் என்று நினைத்து, அம்மா கீழாநெல்லி பறித்து வந்தாள்.

ஊசி எங்கள் ஊரில் கிடையாது. மெட்ராசில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மலிவாகப் போட்டார்கள். தம்பியைத் தூக்கிக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டு சித்தி அங்கே போனாள். எங்களைத் தவிர வேறு ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். குப்பியைத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து வீணாகிவிடும், ஆள் சேர்ந்தால்தான் திறப்போம் என்றார் நர்சம்மா.

"எத்தன பேர் வேணும்?" என்றாள் சித்தி.

"ஏழெட்டுப் பேராவது வரணும்மா. அடுத்த வாரம் வந்து பாருங்க."

அடுத்த வாரமும் ஆள் சேராவிட்டால் பயணமே போய்விடும். டிக்கெட் ஏஜெண்டு வேறு வழி சொன்னார். பயணம் புறப்படும் பம்பாயிலேயே தினமும் ஊசி உண்டு. முன்கூட்டியே போய் ஊசி போட்டுக்கொண்டு, பத்து நாள் லாட்ஜில் தங்கிவிடலாம். மில் தொழிலாளியான அப்பாவுக்கு லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது. இருந்தாலும், "சங்கிலிய அடகு வெச்சுட்டுப் போயிடலாம்" என்றார்.

"அடகுல போனா திரும்பாது மாமா. ஆளுங்க நம்ம ஊருலயே இருப்பாங்க. நான் கூட்டியாரேன்" என்றாள் சித்தி.

வீட்டுக்கு வரும் ஆண்களிடம் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் அவள். மறுநாள் காலையில் தம்பியை இடுப்பிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு கான்சல் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், "அண்ணே, எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டாள். பாரிசு என்று பெருமையாகச் சொன்னவர்களை, பாவம் என்பதுபோல் பார்த்து அனுப்பிவிட்டாள். ஆப்பிரிக்கா என்று யாராவது சொன்னால் அவள் முகத்தில் விளக்கேற்றியது போலிருக்கும்.

இப்படியே வாரம் முழுவதும் நின்று, புதுப்பெண் ஒருத்தியையும் அவள் புருஷனையும், ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிக்குச் சேவைக்குப் போகும் ஒரு கன்னியாஸ்திரியையும் பிடித்தாள். கடைசியாக ஒரு கிழத் தம்பதி கிடைத்தார்கள். தென்னமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போகிறவர்கள். அங்கேயும் இதே ஊசிதான் கேட்டார்களாம். மனைவி உடனே சம்மதித்தார். முன்னாள் சிப்பாயான பெரியவர்தான் முரண்டு பிடித்தார்.

"குண்டுக்கே பயப்படாதவன் நானு. எனக்கு எதுக்கு ஊசி?"

"பயமில்லாதவருக்கு ஊசி என்னா பண்ணும் பெரியப்பா? நீங்க வந்தாத்தான் குப்பிய தொறப்பாங்க. இவன் அவங்க அப்பா மொகத்தப் பாக்கணும்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி அவர் மீசையைப் பார்த்துச் சிரித்தான். "பஸ் எத்தன மணிக்கு?" என்றார் பெரியவர்.

அடுத்த வாரம் ஊசி நாளன்று விடிந்ததும் எல்லோரும் திண்டிவனம் வழியாகப் போகும் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினோம். சித்தி எல்லோருக்கும் இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் முன்னால் நடக்க, கன்னியாஸ்திரியும் கிழத் தம்பதியும் புதுமணத் தம்பதியும் பின்னால் வந்த கோலத்தைப் பார்த்து நர்சம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னம்மா, பொண்ணு பாக்க வந்தாப்புல கும்பலா வர்றீங்க!"

"குப்பிய தொறங்கம்மா" என்றாள் சித்தி. ஒரு மகாராணி கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னதுபோல் எனக்கு இருந்தது. உலகத்தில் எங்கள் சித்தியால் ஆகாத காரியம் ஒன்றும் இல்லை என்று அன்று நிச்சயமாக நம்பினேன்.

பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் ஆளாகப் போட்டுக்கொண்டார். தம்பி வீறிட்டு அழுதான். சித்தி முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நர்சம்மா அட்டையில் முத்திரை குத்தி நீட்டினார்.

"இது பத்து வருஷத்துக்குச் செல்லும்மா. அதுவரைக்கும் கவலையில்ல."

"பத்து வருஷமா?" என்றாள் சித்தி.

நான் கைகொட்டினேன். "சித்தி, பத்து வருஷத்துக்கு உனக்கு ஊசியே கெடையாது!"

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். அவள் ஆப்பிரிக்கா போய், நான் மறுபடி அவளைப் பார்த்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? ஊசி இப்போதுதான் வலிக்கத் தொடங்கியிருக்கிறது என்று நினைத்து, அவள் கையைப் பிடித்து, குத்திய இடத்தில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தேன்.