விஜயதசமியன்று நான் பிடிக்காமல் விட்ட கை

சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்காகப் போதனாப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியை எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். ஆசிரியையாக நான் எதைப் பெரிதாக நினைக்கிறேன், எதில் தேறவேண்டும் என்று எழுதச் சொன்னார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெரிதாக நினைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்திலிருந்தவளின் நோட்டைப் பார்த்து, ‘எந்தப் பிள்ளையையும் ஒதுக்க மாட்டேன்’ என்று எழுதினேன். அவள் எழுத்து முத்து முத்தாக இருந்தது. என்னுடையது கோழி கிளறிய மாதிரி.

எங்களுக்கு ஜேடர்பாளையம் பக்கத்தில் தோட்டம். பதின்மூன்றில் கல்யாணம், அடுத்த வருஷமே வாந்திபேதியில் அவர் போய்விட்டார். வெள்ளைச் சீலையோடு ஐந்து வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தேன். காதுகுத்து, கல்யாணம் என்றால் பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பேன். யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை. சாயங்காலமானால் மாடு கட்டுத்தறிக்குத் தானே போய் நிற்கும், அப்படித்தான். நான் அழுததாகவும் ஞாபகம் இல்லை. ஐந்தாவது படித்தவள் சும்மா இருக்கிறாளே என்று யாரோ அண்ணனிடம் சொன்னார்கள். அண்ணன் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

பாடம் நடத்திப் பழகுவதற்கு என்னைக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு சின்னப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல் மாதம் பார்வையிட வந்த எங்கள் போதனாப் பள்ளித் தலைமையாசிரியை மூன்று குறை சொன்னார். குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. கரும்பலகையில் வரி கீழே இறங்குகிறது. இவை இரண்டையும் நான் திருத்திக்கொண்டேன். மூன்றாவதுதான் தொல்லை.

“நீ பிள்ளைகளைத் தொடுவதே இல்லை. கை பிடிக்காமல் எழுத்து எப்படி வரும்? இதைச் சரி பண்ணாவிட்டால் உன் சர்டிபிகேட்டில் நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார்.

சரி என்றேன். ஆனாலும் மணலில் நானே எழுதிக் காட்டி, அதன்மேல் பிள்ளைகளை விரலை ஓட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டேன். படிப்பைத் தொடங்கும் பிள்ளையின் கையில் தாலியறுத்தவள் கை படலாமா? அது அவர்களுக்கு நான் செய்யும் நல்லது என்றுதான் நம்பினேன்.

விஜயதசமியன்று புதுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அந்தப் பள்ளியின் வாத்தியாரம்மா மஞ்சளும் குங்குமமுமாக உட்கார்ந்து, தாம்பாளத்து அரிசியில் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து எழுத வைத்தார். நான் பின்னறையில் உட்கார்ந்து சிலேட்டுகளைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். உச்சிப்பொழுதுக்கு அவர் என்னைப் பூட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பூட்டைக் கையில் எடுத்தபோது ஒரு அம்மாள் ஆறு வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளும் வெள்ளைச் சீலைதான். முந்தானையில் ஒரு படி அரிசியும் வெல்லமும் முடிந்திருந்தாள்.

“வாத்தியாரம்மா இருக்கறாங்களா?”

“ஊட்டுக்குப் போயிட்டாங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.”

“நாளைக்கு ஏதுங்க நல்ல நாளு? கடலைக்காய் புடுங்கற எடத்துல இப்பத்தான் உட்டாங்க. நீங்களே கையப் புடிச்சு எழுதியுடுங்க.”

“என்னோட கை வேண்டாங்க” என்று என் சீலையைக் காட்டினேன்.

அவள் தன் சீலையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “எங்கையிலதானுங்க தெனமும் சோறு திங்கறா. நல்லாத்தான இருக்கறா? புடிச்சு உடுங்க அம்மிணி.”

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. பெண்ணோ யாரும் சொல்லாமலேயே விரலை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். வேண்டாம் என்று இன்னொரு முறை சொன்னேனோ, தலையை மட்டும் ஆட்டினேனோ, தெரியவில்லை. அந்த அம்மாள் முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள். பிறகு, “செரிங்க, வாரங்க” என்று சொல்லிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பூட்டிவிட்டு வந்து, விடுதியில் சாப்பிட்டேன். வழக்கமான சாப்பாடுதான், வழக்கம்போலவே இறங்கியது.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் விசாரித்துக்கொண்டு போனேன். மலையடிவாரத்தில் ஒரு காட்டில் அந்த அம்மாள் குனிந்து கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். பெண் வரப்பில் நாலு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. எம்மேல கோவமுங்களா?” என்றேன்.

“அட, கோவமென்னங்க” என்றாள். பேசும்போதும் அவள் கை நிற்கவில்லை. “நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? நல்ல நாளும் அதுவுமா புள்ளை கைய நீட்டிப் புடிக்க ஆளில்லாமப் போச்சு. இவளுக்குப் படிப்பு இல்லைன்னு சாமி காட்டிப்போட்டுது. அதுக்கு மேல நாம என்னத்தச் செய்யறதுங்க?”

என் கை பட்டால் அபசகுனம் என்று ஒதுங்கினேன். நான் ஒதுங்கியதையே அவள் சகுனமாக எடுத்துக்கொண்டாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குரல் இப்போது கடைசி வரிசைக்கு எட்டும்தான், அவளுக்கு எட்டவில்லை. வாத்தியாரம்மாவையே வந்து எழுத வைக்கச் சொல்கிறேன் என்றேன். “போன நாள் போனதுதானுங்க” என்றாள்.

வரப்பில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். அண்ணன் வீட்டை விட்டு வந்த பிறகு நான் தொட்ட முதல் பிள்ளை அவள்தான். செம்மண்ணில் ஒரு ‘அ’ எழுத வைத்தேன். அவள் அம்மாள் தடுக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. பெண் எழுத்தைப் பார்க்காமல் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உடுங்க, ஆடு கடலைக்குள்ள போவுது” என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

மறுநாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளின் கையையும் பிடித்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்த தலைமையாசிரியை என் நோட்டில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பிறகு எத்தனையோ வருஷம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டேன். என் கை பட்டு ஒரு பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நான் கெடுத்தது, தொடாமல் விட்ட அந்த ஒருத்தியைத்தான்.