பெயரோடு வந்த கோயில்

நான் சைவம், மனைவி கத்தோலிக்கம். எழுபதுகளின் நடுவில் நான் ரொறன்ரோவில் கட்டடங்களுக்குப் படம் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய எல்லாக் கடிதங்களிலும் ஒரே கேள்வி: வீட்டுக்குப் பக்கத்தில் கோயில் இருக்கிறதா? எங்கள் ஊரில் கத்தோலிக்கர்களுக்கும் தேவாலயம் கோயில்தான். நான் தேடிப் பார்க்கவே இல்லை. ஆனாலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டேன்.

அவள் வந்து சேர்ந்ததும் அந்தப் பொய் உறுத்தத் தொடங்கியது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஸ்கொட்லாந்துக்காரர். நகர வரைபடத்தில் ஃபால்கேர்க் என்றொரு தெருவைக் காட்டி, 'கேர்க்' என்பது தேவாலயத்துக்குத் தங்களுடைய பழைய சொல் என்று ஒருநாள் சொல்லியிருந்தார். எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து அங்கே அரைமணி நேர நடை. தேவாலயம் இல்லாமலா அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, நல்ல பனி. சேலைக்கு மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம். வீடுகள்தான். திரும்பவும் நடந்தோம்.

"இஞ்சை ஒரு கோயிலையும் காணேல்லையே. நீங்கள் முந்தி வந்தனீங்களோ?"

"இல்லை. நான் தேடவே இல்லை. நீர் வராமல் விட்டிடுவீரோ எண்ட பயத்திலை எழுதினனான்."

அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு முன்னே நடந்தாள். தன் வீட்டு வாசலில் சவளால் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் என்ன தேடுகிறோம் என்று கேட்டார். வந்த கதையைச் சொன்னேன். அவர் சவளைப் பனியில் குத்திவிட்டுச் சிரித்தார். ஸ்கொட்லாந்தில் அந்தப் பெயரில் ஒரு பட்டணம் இருக்கிறதாம். பல நிறக் கற்களால் கட்டிய தேவாலயத்தால் அதற்கு அந்தப் பெயராம். கல்லெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது, பெயர் மட்டும்தான் கப்பலேறி வந்தது என்றார்.

பிறகுதான் மனைவியின் கால்களைக் கவனித்தார். நனைந்துபோன துணிச் சப்பாத்து. உடனே உள்ளே கூப்பிட்டு, ஹீற்றர் பக்கத்தில் உட்காரவைத்து, தேநீரும் தடித்த கம்பளிக் காலுறையும் கொடுத்தார். தான் எந்தத் தேவாலயத்துக்கும் போவதில்லை என்று சொன்னவர், தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தைக் கண்டுபிடித்தார். தன் காரிலேயே அங்கே கொண்டுபோய், கடைசி வரிசை வாங்கில் எங்களோடு உட்கார்ந்தார். மனைவி எழும்பும்போது எழும்பினார், முழந்தாளிட்டபோது முழந்தாளிட்டார். நானும் அவரைப் பார்த்து அப்படியே செய்தேன்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் மனைவி வாய் திறந்தாள்.

"கோயில் இல்லையெண்டு எழுதியிருந்தாலும் நான் வந்திருப்பன்."

நாங்கள் கார் வாங்கும்வரை ஞாயிறுதோறும் அந்தப் பெண்தான் வந்து ஏற்றிப் போனார். எங்கள் மூத்த மகளின் ஞானஸ்நானத்துக்கு மனைவி அவருக்குச் சேலை கட்டிவிட்டாள். அது அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, பூசை முடியும்வரை அவர் அசையாமல் நின்றார்.