ஸ்டேட்டஸ் அக்கா

“எங்க நிக்கிற? மறைக்காம சொல்லு” என்று கறுப்புத் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே ஸ்டேட்டஸ் கட்டளையைத் தட்டுகிறார் அக்கா. பெட்டிக்குள் இருக்கும் டேப் எத்தனையாவது பதிவின் வாசலில் நிற்கிறது என்று திரையில் பதில் வருகிறது. அவருக்கு அது போதாது. டேப்பைத் தொடக்கம்வரை சுற்றச் சொல்கிறார். அங்கே போய் நின்றதும் மறுபடி ஸ்டேட்டஸ். ஒரு பதிவு முன்னால் போகச் சொல்கிறார், மறுபடி ஸ்டேட்டஸ். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் “இது அங்க போகும்தானே?” என்று நடத்துநரைக் குடைகிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம்.

ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவில் எல்லாருக்கும் அவர் ஸ்டேட்டஸ் அக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கலாம், யாரும் பார்த்ததில்லை. ஸ்கேன் படங்கள் கம்ப்யூட்டரில் சில நாட்கள்தான் தங்கும், இடம் போதாது. அவற்றை டேப்பில் ஏற்றி, ஏறிவிட்டதா என்று பார்த்து, டேப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுவதுதான் அக்காவின் உத்தியோகம். பாட்டு கேசட்டைக் கொஞ்சம் ஊட்டி வளர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்த டேப். அதை விழுங்கும் பெட்டியில் பாட்டுப் பெட்டி மாதிரி பட்டன் வரிசை கிடையாது. சுற்று, நில், முன்னால் போ, வெளியே துப்பு என்று எல்லாவற்றையும் எழுத்தில் தட்டித்தான் சொல்லியாக வேண்டும்.

அந்த அறை எந்நேரமும் குளிராக இருக்கும். அக்கா ஸ்வெட்டரும் வீட்டுக்காரருடைய கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புது டேப் வந்தால் முதலில் அதைக் காதருகில் வைத்து மெல்ல ஆட்டுவார். உள்ளே ஏதாவது கடகடத்தால் தொலைந்தது, கொடுத்த கடைக்கே திரும்பிப் போகும். கடகடக்காவிட்டாலும் சந்தேகம் தீராது. “சத்தமே இல்லாம இருக்குன்னா அதுல என்னவோ இருக்கு” என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் போனில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்றால், “பின்னாடி ஒரு ஹாரன் சத்தம்கூடக் கேக்கலயே?” என்று மடக்குவார். அந்த மனிதர் பாவம், போனை ரோட்டுப் பக்கம் நீட்டிக் காட்டுவதை நானே ஒருநாள் பார்த்திருக்கிறேன். நம்பினார் கெடுவதில்லை என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். “அதச் சொன்னவருக்கு பேக்கப் எடுக்கத் தெரியாது” என்றார்.

நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்கிறவன். பத்திரிகைக்கு எழுதுவேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்மேலும் ஒரு கண் வைத்திருக்கிறார். “என்ன ரைட்டர், இந்தப் பக்கமே பாக்குறீங்க? என்னை வச்சு எதையாவது எழுதிக் கிழிச்சிறாதீங்க” என்பார். எழுதமாட்டேன் என்றால் நம்பமாட்டார், எழுதுவேன் என்றால் நம்பிவிடுவார். ஆகவே சும்மா சிரித்துவைப்பேன்.

கம்ப்யூட்டர்மேல் அவருக்கு உள்ள சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒரே டேப் பெட்டிக்கு அதில் இரண்டு பெயர். ஒரு பெயரைச் சொல்லி வேலை ஏவினால், வேலை முடிந்ததும் டேப் நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னொரு பெயரைச் சொன்னால், சின்ன வேலையோ பெரிய வேலையோ, முடிந்த மறுகணம் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். அது தெரியாமல் அடுத்த பதிவை எழுதினால் பழைய பதிவின் தலைமேலேயே எழுதும். தலை போனால் உடம்பும் போனதுதான். பின்னால் இருக்கிற எதையும் அப்புறம் எடுக்க முடியாது. முதல் பெயருக்கு அக்கா வைத்த பட்டம் “நிக்கிறவன்”. இரண்டாவதற்கு “ஓடுகாலி”. “ஓடுகாலிய நம்பி ஒரு வேலையும் சொல்லக் கூடாது, ரைட்டர். எல்லாம் முடிச்சிட்டேன்னு சொல்லும். எதை முடிச்சிச்சுன்னு சொல்லாது.”

இப்படிப்பட்டவருக்குத் தம்பி ஒருவர். நாற்பதைத் தாண்டிவிட்டார், ஆனால் அக்காவுக்கு இன்னும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்தான். சின்ன வயதில் கேட்டைச் சாத்தாமல் போய், வீட்டு நாய் ஓடிப்போனதாம். அன்றைக்குப் போன நம்பிக்கை திரும்பி வரவில்லை. தம்பி வேன் ஓட்டினார், கடை வைத்தார், ஒன்றும் ஒட்டவில்லை. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நிலையாக ஒரு வேலையில் இருந்து காட்டினால் திரும்பி வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அக்கா யார் யாரையோ பிடித்து, மாலை ஷிஃப்ட்டில் தம்பியை டேப் வேலைக்குச் சேர்த்துவிட்டார். தற்காலிக வேலைதான், ஆனால் வருடம் முடிந்தால் நிரந்தரமாகும்.

சேர்த்துவிட்டாரே தவிர நம்பவில்லை. ஒவ்வொரு கட்டளையையும் இவன் தப்பில்லாமல் தட்டுவானா, நடுவில் எதையாவது விட்டுவிடுவானா என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைசிப் பதிவு முடிகிற இடத்துக்குப் போ, இன்றைய படங்களை எழுது, எழுதியதை வாசித்து ஒப்பிடு, சரியென்றால் சரி என்று சொல்லிவிட்டு டேப்பை வெளியே துப்பு என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதிவைத்தார். கோப்புக்கு ‘தம்பி’ என்று பெயர். அந்தப் பெயரைத் தட்டினால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடக்கும். அதைத் தம்பி ஓட்டலாம், ஆனால் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டார். அவர் அதை எழுதிய பிற்பகல் எனக்கு நினைவிருக்கிறது. தம்பி பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்க, இவர் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பி, “பாக்காதடா, அந்தப் பக்கம் பாரு” என்று அதட்டிக்கொண்டே தட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்ததும் மாலை ஷிஃப்ட்டின் பட்டியலைப் பார்ப்பார். நேற்றுப் படங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும், கீழே ‘சரி’ என்று இருக்கும். ஆனாலும் தம்பிக்குப் போன் போகும். “தூங்கினியா? யாரையாவது உள்ள விட்டியா? டேப்ப நீயேதான எடுத்து வச்ச?” அந்தப் பக்கம் தம்பி என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம். “நீ எழுதிக் குடுத்ததத்தான்க்கா தட்டுனேன்.”

ஒரு நாள் ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர், தையல்காரப் பெண் ஒருவருக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில் எடுத்த தலை ஸ்கேனைக் கேட்டார். கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அக்கா அந்த மாதத்து மாலை டேப்பை எடுத்துப் பெட்டியில் தள்ளினார். வழக்கம்போல “எங்க நிக்கிற?” என்று கேட்டு, பதிவு பதிவாக முன்னால் போகச் சொன்னார். முதல் பதிவைத் தாண்டியதுமே டேப் முடிந்துவிட்டது என்று பெட்டி சொன்னது. மாதம் முழுவதும் இருக்க வேண்டிய டேப்பில் கடைசி மாலையின் படங்கள் மட்டும் இருந்தன. அலமாரியிலிருந்த மற்ற மாலை டேப்புகளையும் எடுத்துப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கதி.

நல்லவேளை, தையல்காரப் பெண் தன் பழைய ஃபிலிமை மெத்தைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். கட்டி வளரவில்லை, அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். எங்கள் பிரிவில்தான் நிம்மதி போனது. மாலை ஷிஃப்ட் யார் என்று பிரிவுத் தலைவர் கேட்டார். எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. முதலில் திரும்பியது அக்காவின் கண்.

மறுநாள் தம்பியைப் பகலிலேயே வரவழைத்தார்கள். அந்தக் குளிர் அறையில் அக்கா நடத்திய விசாரணையைப் போலீஸ்காரர் யாராவது பார்த்திருந்தால் வேலையை ராஜினாமா செய்திருப்பார்.

“குடிச்சிட்டு வந்தியா?”

“இல்லக்கா.”

“எரேஸ்னு எதையாவது தட்டுனியா? எவனாவது தட்டச் சொன்னானா?”

“எனக்கு உன்னோட அந்தக் கோப்பு ஒண்ணத் தவிர வேற எதுவும் தட்டவே தெரியாதுக்கா.”

“என்னோடது இல்ல, உன் பேர்லதான் இருக்கு.”

“சரி, என் பேர்.”

தம்பி குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. கூடப்பிறந்தவனை இப்படியா துருவுவது என்று எழுந்தே விட்டேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கம்ப்யூட்டரில் யார் என்ன தட்டினாலும் அது பதிந்து வைத்திருக்கும். அதைத் திறந்தார். இப்போது மாட்டுவான் என்ற முகம். திரை நிறைய ஒரே சொல் வந்தது. தம்பி. அதற்குக் கீழே தம்பி. அதற்கும் கீழே தம்பி. வேறு ஒன்றும் இல்லை.

“அப்ப யாரோ இந்தக் கோப்ப மாத்தியிருக்காங்க” என்றார். ‘தம்பி’ கோப்பைத் திறந்தார். நானும் தடுப்பைச் சுற்றிப் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். கடைசிப் பதிவு முடிகிற இடத்துக்குப் போ என்ற வரி ஓடுகாலியின் பெயரில் இருந்தது. எழுது என்ற வரியும் அப்படியே, வாசி என்ற வரியும் அப்படியே. டேப் ஒவ்வொரு மாலையும் கடைசிவரை ஒழுங்காகப் போயிருக்கிறது. போனதும் ஓடித் தொடக்கத்துக்கு வந்திருக்கிறது. முந்தைய மாலையின் மேலேயே எழுதியிருக்கிறது. மறுபடி தொடக்கத்துக்கு ஓடி, எழுதியதையே வாசித்து, சரி என்றிருக்கிறது. அந்தச் ‘சரி’ பொய்யில்லை. இன்றைய படம் இருக்கிறதா என்று அக்கா தினமும் கேட்டார். நேற்றைய படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கவில்லை, ஏனென்றால் அது அவரே எழுதிய கட்டளை.

“மாத்திட்டாங்க. எவனோ உள்ள பூந்து மாத்தியிருக்கான்” என்று முணுமுணுத்துக்கொண்டே, கோப்பைக் கடைசியாகத் திருத்தியது யார், எப்போது என்று பார்த்தார். அவருடைய பெயர். முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதிய அதே பிற்பகல். வேறு யாரும் தொட வழியே இல்லை. அவர் போட்ட பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு.

அக்காவின் முகம் வெளுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலியில் அப்படியே இருந்தார். திரையைக்கூட மூடவில்லை. தம்பி குனிந்து அந்த வரிகளைப் பார்த்தார். ஓடுகாலி, நிக்கிறவன் கதையை அக்கா வாயால் ஆயிரம் தடவை கேட்டவர்தான். “வாக்கா, கூப்பிடுறாங்க” என்றார்.

பிரிவுத் தலைவரின் அறையில், தம்பியை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவைத் தட்டச்சு செய்ய நானும் போனேன். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். தலைவர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். பதில் தெரிந்த கேள்வியைத்தான் கேட்பார். அக்கா நின்றுகொண்டே இருந்தார். இத்தனை வருடம் அடுத்தவரைக் கேள்வி கேட்ட வாய்க்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. அவருக்கு ஓய்வூதியம் கிட்டத்தில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மனதுக்குள் நான்கூட அவரைச் சந்தேகப்பட்டேன், சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று.

“உன் ஷிஃப்ட்லதான எல்லாம் அழிஞ்சிருக்கு?” என்று தலைவர் தம்பியைக் கேட்டார்.

“ஆமா சார்.”

“வேற யாரும் தொடலயே?”

“இல்ல சார். அக்கா சரியாத்தான் எழுதிக் குடுத்தாங்க. நான்தான் சார் தப்பா…”

அதற்குள் அக்கா இரண்டே எட்டில் வந்து, தலைவர் பார்க்க, நான் பார்க்க, அந்த நாற்பது தாண்டிய மனிதரின் வாயைத் தன் கையால் இறுகப் பொத்தினார்.