சாக்குக் குறி போட்ட நெட்வேர்க் கார்ட்

இன்று கடைக் கம்ப்யூட்டரைத் திருத்த வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டு, என் வேலையை நானே கெடுத்துக்கொண்டேன்.

நெல் வாங்குகிற காலம். தராசின் நிறை ஒரு நெட்வேர்க் கார்ட் வழியாக வரும். ஆலைக்காரர் அனுப்பும் விலை இன்டர்நெட்டில் மற்றக் கார்ட் வழியாக வரும். இரண்டும் ஒன்றாக வந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். காலையில் நெல் ஏற்றி வந்த உருத்திரபுரத்து ட்ரக்டர் ஒன்று காத்திருந்து அலுத்து, எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

திருத்த வந்தவர் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அண்ணை, ரெண்டு கார்டும் ஒரே மணியைத்தான் அடிக்குது. ஆர் கூப்பிட்டதெண்டு கம்ப்யூட்டர் தடுமாறுது. ஒண்டைக் கழட்டி வேற ஸ்லொட்டில செருகினாச் சரி."

"புதுசு வாங்கத் தேவையில்லையோ, தங்கச்சி?"

"இல்லை."

அங்கேதான் எனக்கு இடித்தது. ஒன்றும் விற்காதவர் எதற்கு வந்தார்? என் நல்ல கார்டை மாற்றி எடுக்கவா?

அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், மாற்றினால் தெரியட்டும் என்று, அவர் கழற்றி வைத்த கார்டின் பளபளத்த விளிம்பில் சாக்குக்குக் குறி போடும் சிவப்புப் பெயின்டைப் பூசிவிட்டேன்.

திரும்பி வந்தவர் கார்டைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணை, இது நெல்லுச் சாக்கில்லை! நீங்கள் பூசின இடத்தாலதான் கரண்ட் போகவேணும்."

சுரண்டித் துடைத்து, வேறு ஸ்லொட்டில் போட்டார். நிறையும் விலையும் ஒன்றாக வந்தன. கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

ஆனாலும் குறி போடாத மற்றக் கார்டை இன்னும் உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் என்றால் குறி போட்டிருக்க மாட்டீர்களா?

பேசி முடித்த கூலி: ஸ்லொட் மாற்றியதற்கு ஐநூறு ரூபாய், பெயின்ட் சுரண்டியதற்கு ஆயிரம்.